திண்ணையை எடுத்தது யார்?

கேள்வி: கோவை கருப்பக் கவுண்டர் வீதிப் பக்கம் எட்டடிச் சந்து ஒன்றில் மூன்று தலைமுறையாகக் குடியிருக்கிறோம். நடந்து செல்வதற்கென்றே அமைந்த பழைய சந்து இது. பெரிய கடை வீதி நெரிசலுக்குப் பயந்து பதினைந்து ஆண்டுகளாக பைக்காரர்கள் இதற்குள் புகுந்து பறக்கிறார்கள். 78 வயதான என் தாயார் மூன்று ஆண்டுகளாக வாசலுக்கே வருவதில்லை. மகன் புல்லட் வாங்கியபோது, வண்டிகளை உள்ளே ஏற்றத் திண்ணையை எடுத்துவிட்டுச் சாய்தளம் போட்டோம்; அப்போதிருந்தே அவர் அறைக்குள்தான். சந்தில் வண்டிகளைத் தடை செய்ய யாருக்கு மனு எழுத வேண்டும்?

பதில்: தம்பி, மனுவைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். போகிற போக்கில் எழுதிவிட்ட அந்த ஒரு வரியைத் தாண்டி என்னால் நகர முடியவில்லை.

வண்டித் தொல்லைக்கு வயது பதினைந்து என்கிறீர்கள். தாயார் உள்ளே முடங்கி மூன்று ஆண்டுகள் ஆயின என்கிறீர்கள். இடையில் உள்ள பன்னிரண்டு ஆண்டுகள், இதே ஹார்னையும் புகையையும் பொறுத்துக்கொண்டு அவர் எங்கே உட்கார்ந்திருந்தார்? நீங்கள் எடுத்துவிட்ட அந்தத் திண்ணையில்தான். இடிக்கும் முன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டதாகக் கடிதத்தில் இல்லை. கேட்டிருந்தால் எழுதியிருப்பீர்கள்.

திண்ணை இருந்தவரை அந்த அம்மாவுக்கு வீட்டில் ஒரு பதவி இருந்தது. கீரைக்காரம்மாவிடம் பேரம் பேசுவதும், பள்ளி விட்டு வரும் பிள்ளைகளை அதட்டுவதும், யார் வீட்டுக்கு யார் வந்தார்கள் என்று கணக்கு வைப்பதும் அவர் பொறுப்பு. அதைப் பறித்து, பெட்ரோல் குடிக்கும் ஒரு இரும்புக்கு இடம் கொடுத்துவிட்டு, பழியை ஊரார் மேல் போடுகிறீர்கள். பெற்றவளுக்கு உட்கார இடம் வைத்த பிறகுதான் வண்டிக்கு இடம் தேட வேண்டும் என்று நினைக்கிற பழைய ஆள் நான். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது. திண்ணையில் ஒரு பாட்டி உட்கார்ந்து முறைக்கிற சந்தில் எந்த இளைஞனும் சற்று மெதுவாகத்தான் வண்டியை ஓட்டுவான் என்பதையும், வெறும் சுவரும் சாய்தளமுமாக இருக்கும் சந்து அவனுக்குக் குறுக்குவழியாகவே தெரியும் என்பதையும் யோசித்துப் பாருங்கள். உங்கள் சாய்தளம் சந்துக்குள் இரண்டடி நீட்டிக்கொண்டிருந்து, எதிர்வீட்டாரும் அதையே செய்திருந்தால், எட்டடியில் நடப்பவருக்கு மிஞ்சுவது நான்கடிதான்.

இனி மனு. மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 115-ஆம் பிரிவின்படி, பொதுமக்களின் பாதுகாப்பையும் சாலையின் தன்மையையும் கருதி, குறிப்பிட்ட வீதியில் வண்டிகளைத் தடுக்க மாநில அரசுக்கும் அது அதிகாரம் அளித்த அலுவலர்களுக்கும் உரிமை உண்டு. ஆட்சியர் அலுவலகத்தின் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் கொடுங்கள். மாநகராட்சி ஆணையருக்கும் மாநகரக் காவல் ஆணையருக்கும் படி அனுப்புங்கள்.

ஆனால் உத்தரவு வந்தாலும் அது பாதி வேலைதான். தில்லி சாந்தினி சௌக்கில் செங்கோட்டை முதல் பதேபூரி மசூதி வரை, காலை 9 முதல் இரவு 9 வரை மோட்டார் வண்டிகளுக்குத் தடை விதித்து, 2021-இல் நடைவீதியாகத் திறந்தார்கள். அங்கும் பைக்குகள் நுழைந்துவிடுகின்றன என்ற புகார் ஓயவில்லை. காரணம் எளிது. கல்தூண் நட்டால் கார் நிற்கும். ஆனால் சக்கர நாற்காலி போக வேண்டுமென்றால் தூண்களுக்கிடையில் சுமார் 90 செ.மீ. விட்டாக வேண்டும்; ஸ்கூட்டரின் அகலமோ ஏறத்தாழ 70 செ.மீ. முதியவருக்காகத் திறந்த வழியிலேயே பைக்கும் வரும். ஆகவே பழைய சந்துகளில் அங்கே குடியிருப்பவர்களே கட்டுப்பட்டு நடந்தாலொழிய எந்தத் தடையும் நிற்காது. மூன்று வண்டியோ நான்கு வண்டியோ, அவற்றைத் தினமும் அதே சந்தில் ஓட்டிவந்து ஏற்றுகிற வீட்டிலிருந்து புறப்படும் மனுவை அதிகாரி மதிப்பார் என்று நினைக்கிறீர்களா?

மாசி மாதம் கோனியம்மன் தேர் உங்கள் வீதி வழியாக வரும் நாளில் மகன் புல்லட்டை எங்கே நிறுத்துகிறான்? மற்ற நாட்களிலும் அங்கேயே நிறுத்தட்டும், இல்லையேல் சந்து முனையில் இன்ஜினை அணைத்துவிட்டுத் தள்ளிக்கொண்டு வரட்டும். இருபது வயதுத் தோள்களுக்கு அது ஒரு பாரமில்லை.

கொத்தனாரை வரச் சொல்லுங்கள். அதற்கு முன், திண்ணை எவ்வளவு உயரம் வேண்டும் என்று தாயாரிடமே கேளுங்கள். பழைய உயரம் இப்போது அவர் முழங்காலுக்கு ஒத்துவராமல் இருக்கலாம், பிடித்து எழுந்திருக்க ஒரு கம்பியும் தேவைப்படலாம். சிமெண்ட் காய்ந்த பிறகு மனுவை எழுதி, முதல் கையெழுத்தை அந்தத் திண்ணையில் வைத்து அவரிடம் வாங்குங்கள்.