இரும்புப் பந்தல் – கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

உங்கள் மும்பைக் குறிப்புகளில் காலா கோடாவில் பாழடைந்து நிற்கும் எஸ்பிளனேட் மேன்ஷன், அதாவது பழைய வாட்சன்ஸ் ஹோட்டல், பற்றி நாலு வரி எழுதியிருந்தீர்கள். அது விழுந்தால் பெரிய இழப்பு என்று. எனக்குக் கோபம்தான் வந்தது. ஜாம்ஷெட்ஜி டாட்டாவை வாசலிலேயே திருப்பி அனுப்பிய ஹோட்டல் அது. அந்த அவமானத்தில்தான் அவர் தாஜ் ஹோட்டலைக் கட்டினார் என்று சின்ன வயதிலேயே கேட்டிருக்கிறோம். ‘நாய்களுக்கும் இந்தியர்களுக்கும் அனுமதி இல்லை’ என்று பலகை வைத்த இடத்துக்கு நாம் ஏன் பாரம்பரியச் சின்னம் என்று மாலை போட வேண்டும்? போன மாதம் ஆபீஸ் வேலையாக மும்பை போனபோது தேடிப் போய்ப் பார்த்தேன். பெரிய கல் கட்டிடம், அவ்வளவுதான். அந்தப் பகுதியில் அதைவிட அழகானவை எத்தனையோ இருக்கின்றன. படம் இணைத்திருக்கிறேன். தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

அன்புடன்,
கு., மதுரை

அன்புள்ள கு.,

தப்பாக எல்லாம் எடுத்துக்கொள்ளவில்லை. நாலு வரியில் முடித்தது என் தப்பு, விரிவாக எழுத ஒரு சாக்கு கொடுத்தீர்கள். ‘கல் கட்டிடம்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் டாட்டா கதை. அந்தக் காலத்து வெள்ளைக்கார கிளப், ஹோட்டல் எதை எடுத்தாலும் அந்தப் பலகைக் கதை ஒன்று ஒட்டிக்கொண்டு வரும். அப்படிப்பட்ட இடங்களில் இந்தியர்களை வெளியே நிறுத்தினார்கள் என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் வாட்சன்ஸில் டாட்டாவைத் தடுத்தார்கள், அந்த ஆத்திரத்தில் தாஜ் பிறந்தது என்பதை அந்த வரலாற்றைத் தேடிப் பார்த்தவர்களில் பலர் ஏற்பதில்லை. அவர்கள் சொல்லும் காரணம் வேறு. டைம்ஸ் ஆஃப் இந்தியா ஆசிரியராக இருந்த லோவட் ஃப்ரேசர் டாட்டாவின் நண்பர். பம்பாய்க்குத் தகுந்த ஒரு ஹோட்டல் இல்லையே என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். 1896இல் பிளேக் வந்து ஊரே கலைந்து போனபின் மக்களைத் திரும்ப இழுக்க ஏதாவது செய்ய வேண்டும் என்ற எண்ணமும் டாட்டாவுக்கு இருந்தது. தாஜ் 1903 டிசம்பரில் திறந்தது, அடுத்த மே மாதம் டாட்டா இறந்துவிட்டார். ஒரு வாசல்காரன் மேல் கொண்ட கோபத்துக்காக ஒரு மனிதர் அத்தனை வருஷம் உழைத்து, ஊர் ஊராகப் போய்ச் சாமான் வாங்கி, சொந்தப் பணத்தைக் கொட்டி ஹோட்டல் கட்டுவார் என்பது சினிமாவுக்குச் சரி.

அப்படியானால் வாட்சன்ஸ் நல்ல இடமா என்று கேட்பீர்கள். இல்லை. அதற்கு டாட்டாவைச் சாட்சிக்கு அழைக்க வேண்டியதில்லை, இன்னும் நல்ல சாட்சி இருக்கிறது. 1896 ஜனவரியில் அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வைன் பம்பாய் வந்து அங்கேதான் தங்கினார். மறு வருஷம் வந்த பயண நூலில் அதை எழுதியிருக்கிறார். அறையைக் காட்ட ஒரு ஜெர்மானியர் வருகிறார், கூடவே மூன்று வேலைக்காரர்கள். பால்கனிக் கதவு சரியாகச் சாத்தவில்லையோ என்னவோ, ஒரு ஆள் மண்டியிட்டு அதைச் சரிசெய்கிறான். ஒழுங்காகத்தான் செய்கிறான். இருந்தும் அந்த ஜெர்மானியர், என்ன தப்பு என்று ஒரு வார்த்தை சொல்லாமல், அவன் தாடையில் ஓங்கி ஒன்று விடுகிறார். அடி வாங்கியவன் முகத்தில் கோபமே இல்லை. அதைப் பார்த்ததும் ட்வைனுக்குத் தன் சின்ன வயது மிசௌரி ஞாபகம் வந்துவிடுகிறது, அங்கே அடிமைகளிடம் இப்படித்தான் பேசுவார்கள் என்பது ஐம்பது வருஷம் கழித்து நினைவுக்கு வருகிறது. டாட்டாவுக்கு நடந்ததாகச் சொல்லும் அவமானத்தைவிட எனக்கு இது பெரிதாகத் தெரிகிறது, ஏனென்றால் இந்த ஆளுக்குப் பதிலடியாக ஒரு தாஜ் கட்ட வழியில்லை. பெயர்கூட இல்லை.

சரி, இப்படி ஒரு இடத்துக்காக ஏன் வருத்தப்பட வேண்டும்? என் வருத்தம் ஹோட்டலுக்காக இல்லை, அது நின்ற விதத்துக்காக.

1860களில் அமெரிக்க உள்நாட்டுப் போரால் இங்கிலாந்தின் லங்காஷயர் துணி ஆலைகளுக்கு அங்கிருந்து பஞ்சு வரவில்லை, பம்பாய்ப் பஞ்சுக்கு யோகம் அடித்தது. ஊரில் பணம் புரண்ட அதே சமயத்தில் கவர்னர் பார்ட்டில் ஃப்ரேர் பழைய கோட்டை மதிலை இடித்துத் தள்ளினார். மதிலுக்கு வெளியே வெற்றிடமாகக் கிடந்த எஸ்பிளனேட் மனைகளாயிற்று. அதில் ஒன்றைப் பிடித்தவர் ஜான் வாட்சன், துணி வியாபாரி, இங்கிலாந்தின் வடக்கே கம்பர்லாந்துக்காரர். 1860–63இல் கட்டியது என்று இணையத்தில் பல இடங்களில் பார்க்கலாம், அது சரியில்லை. வேலை நடந்தது 1867 முதல் 1869 வரை, ஹோட்டல் திறந்தது 1871.

வாட்சன் உள்ளூரில் ஒரு கல் கட்டிடம் எழுப்பியிருக்கலாம், மற்றவர்கள் அதைத்தான் செய்தார்கள். அவர் ரோலண்ட் மேசன் ஆர்டிஷ் என்ற பொறியாளரைப் பிடித்தார். 1851 கண்காட்சிக்கு லண்டனில் இரும்பும் கண்ணாடியுமாக எழுந்த கிரிஸ்டல் பேலஸில் வேலை பார்த்தவர், செயின்ட் பாங்க்ராஸ் ரயில் நிலையத்தின் அந்தப் பிரம்மாண்டமான கூரையிலும் கை வைத்தவர், சிங்கப்பூரின் கேவனா பாலம் இவர் வரைந்ததுதான். பாலமும் கூரையும் போடுகிற ஆளிடம் ஹோட்டல் கேட்டால் என்ன வரும்? முழுக்க ஒரு இரும்புச் சட்டகம் வந்தது. டெர்பியில் ஃபீனிக்ஸ் வார்ப்பாலையில் துண்டு துண்டாக வார்த்து, கப்பலேற்றி, இங்கே கொண்டுவந்து பூட்டினார்கள். தூணுக்கு அடியில் வைக்கும் சிவப்புக் கல்லைக்கூட வாட்சன் தன் ஊர்ப்பக்கத்து பென்ரித்திலிருந்து வரவழைத்தார். மேற்குத் தொடர்ச்சி மலை முழுக்கக் கல்லாக நிற்கும்போது இது கொஞ்சம் அதிகப்படிதான். சாப்பாட்டு அறைக்கு இங்கிலாந்துப் பெண்களைப் பரிமாற அமர்த்தியபோது, வாட்சன் அப்படியே இங்கிலாந்துக் குளிரையும் இறக்குமதி செய்திருக்கலாம் என்று ஊரில் கேலி பேசினார்களாம்.

கல் வீட்டில் சுவர்தான் எல்லாவற்றையும் சுமக்கும், அதனால் கீழே போகப் போகத் தடிமனாகும். இங்கே சுவர் எதையும் சுமக்கவில்லை. கல்யாணப் பந்தலை நினைத்துக்கொள்ளுங்கள். கால் நட்டு, குறுக்கே மூங்கில் கட்டி, அப்புறம்தான் துணியும் தட்டியும். துணியை அவிழ்த்துவிட்டாலும் பந்தல் நிற்கும். வாட்சன்ஸில் இரும்புத் தூண்கள்தான் கால், இடையில் அடைத்த செங்கல் வெறும் தட்டி மாதிரி. ஐந்து மாடி, நூற்றுச் சொச்சம் அறைகள், ஒவ்வொரு மாடியையும் சுற்றி வெளியே தள்ளி நிற்கும் அகலமான பால்கனி, நடுவில் கண்ணாடிக் கூரை போட்ட முற்றம், அதுதான் நடன அரங்காகவும் இருந்தது. இன்றைக்கு நீங்கள் வேலை செய்யும் கண்ணாடி ஆபீஸ் கட்டிடம் இதே தத்துவம்தான். மனிதர் குடியிருக்க இப்படிப் பல மாடி எழுப்பியதில் உலகத்திலேயே மிகப் பழையவற்றில் ஒன்று இது. பிரான்ஸில் இதற்காகப் பெரிதாகக் கொண்டாடப்படும் மெனியே சாக்லேட் ஆலை 1872ஐச் சேர்ந்தது, நம்முடையது அதற்கு முந்தியது.

அங்கே நடந்த ஒரு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். ட்வைன் வந்த அதே 1896இல், ஜூலை 7ஆம் தேதி, பிரான்ஸில் சினிமாக் காட்சிகளைத் தொடங்கிய லூமியேர் சகோதரர்களின் ஆள் மாரியஸ் செஸ்டியே அந்த ஹோட்டலில் ஒரு ரூபாய் டிக்கெட்டுக்கு ஆறு துண்டுப் படங்களைக் காட்டினார். பாரிஸில் அவர்களுடைய முதல் காட்சி நடந்து ஏழு மாதம்கூட ஆகவில்லை. அவர் ஆஸ்திரேலியாவுக்குப் போகிற வழியில் இறங்கியவர். இந்தியாவுக்கு சினிமா வந்தது இப்படித்தான்.

பிறகு தாஜ் வந்தது, கூட்டம் அந்தப் பக்கம் போனது, காலப்போக்கில் ஹோட்டல் மூடி அறைகளைத் தடுத்துத் தடுத்து வாடகைக்கு விட்டார்கள். 1947இல் வந்த பம்பாய் வாடகைச் சட்டம் வாடகையை அப்படியே உறைய வைத்தது. வருகிற வாடகையில் ஒரு தூணுக்குப் பெயின்ட் அடிக்கக்கூடக் காணாது என்றால் எந்த வீட்டுக்காரர் அடிப்பார்? குடியிருப்பவர், நம் கட்டிடமா என்று விட்டுவிடுவார். இருவரையும் குறை சொல்லத் தோன்றவில்லை. ஆனால் வார்ப்பிரும்பு காத்திருக்காது. பழைய தோசைக்கல்லைக் கீழே போட்டுப் பார்த்திருப்பீர்கள், வளையாது, சட்டென்று இரண்டாகும். மேலே எவ்வளவு பாரம் அழுத்தினாலும் தாங்கும், ஒரு பக்கமாக இழுத்தால் உடையும். தூணுக்கு அது பொருத்தம், ஆனால் கடல்காற்றும் பருவமழையும் தினமும் ஒழுகும் குழாயும் சேர்ந்து இணைப்புகளை அரித்துவிட்டால், இஷ்டத்துக்கு ஏற்றிய பாரமும் சேர்ந்துகொண்டால், தூண் என்ன செய்யும்?

நான் 2011இல் போனேன். பக்கத்திலேயே நீதிமன்றங்கள் என்பதால் மாடியெல்லாம் வக்கீல்களின் சின்னச் சின்ன அறைகள், கீழே ஜெராக்ஸ் மெஷினின் சூடும் டைப் அடிக்கும் சத்தமும். படிக்கட்டுச் சுவரில் மின்மீட்டர்கள் தேன்கூடு மாதிரி அப்பியிருந்தன. ஒரு தூணில் பெயின்ட் உதிர்ந்த இடத்தில் விரல் வைத்துப் பார்த்தேன், பச்சை, அதற்கடியில் மஞ்சள், அதற்கடியில் காவி, அதற்கும் அடியில் துரு, பொருக்காக உதிர்ந்து வந்தது. அந்தக் காவி பெயின்டா அதுவும் துருதானா என்று இன்றுவரை எனக்குக் குழப்பம். பால்கனிக் கம்பியில் காக்கைகள். ட்வைன் தன் பால்கனிக்கு வந்து அக்கப்போர் பண்ணிய பம்பாய்க் காக்கைகளைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார், அவற்றின் வாரிசுகள் வாடகை கொடுக்காமல் அங்கேயே இருக்கின்றன.

நான் போவதற்கு முன்பே, 2005இல், மேற்குப் பக்கத்துப் பால்கனி இடிந்து விழுந்து ஒருவர் இறந்தார். அதே வருஷம்தான் உலக நினைவுச்சின்ன நிதியம் ஆபத்தில் இருக்கும் நூறு இடங்களில் ஒன்றாக அதைச் சேர்த்தது. 2019இல் உயர் நீதிமன்ற உத்தரவில் எல்லாரையும் காலி செய்தார்கள். பழுது பார்த்துக் கட்டுப்படியாகாது, இடித்துவிடலாம் என்று ஐஐடி பம்பாய் அறிக்கை கொடுத்தது, முடியும் என்று வேறு நிபுணர்கள் சொன்னார்கள். நான் இரண்டாவது கட்சி. பூட்டிய துண்டுகளைக் கழற்றலாம், மாற்றலாம் என்பதுதானே இந்த மாதிரிக் கட்டிடத்தின் வசதியே. செலவாகும், ஆகட்டும்.

இனி உங்கள் படம். நீங்கள் எடுத்தது வாட்சன்ஸ் இல்லை கு., அதை ஒட்டி நிற்கும் ஆர்மி அண்ட் நேவி கட்டிடம். அது கல்தான், நல்ல கட்டிடமும்கூட. படத்தின் இடது ஓரத்தில் தெரு விளக்குக்குப் பின்னால் சாம்பல் நிறத்தில் பாதி வெட்டுப்பட்டு ஒன்று தெரிகிறதே, அதுதான். இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான் போனபோது நீங்கள் படமெடுத்த அந்தக் கல் கட்டிடத்தில் டாட்டாவின் வெஸ்ட்சைட் துணிக்கடை நடந்துகொண்டிருந்தது. அங்கே ஏசியில் பத்து நிமிஷம் நின்றுவிட்டு, ஒரு சட்டையும் வாங்கிக்கொண்டுதான் கிளம்பினேன்.