ஸ்டீரியோவை மாற்றினால் மொத்த வாரண்டியும் போய்விடுமா?

கேள்வி: ஈரோட்டில் இரண்டு வருடத்துக்கு முன் 8.6 லட்ச ரூபாய்க்குப் புது கார் வாங்கினேன். மூன்று வருட வாரண்டி. கம்பெனி ரேடியோவில் வசதி போதாமல், ஓர் ஆக்சசரீஸ் கடையில் 24,000 ரூபாய்க்கு ஆண்ட்ராய்டு டச் ஸ்கிரீன் மாட்டினேன். ஷோரூம் விற்பனையாளர்தான் அந்தக் கடை நம்பரை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். கடையில் பில் தரவில்லை. பணம் ஜிபேயில் போனது. நான்கு மாதமாக, வண்டியை இரண்டு நாள் நிறுத்தினால் பேட்டரி இறங்கிவிடுகிறது. போன மாதம் பவர் ஸ்டீயரிங்கும் வேலை செய்யவில்லை. சர்வீஸ் சென்டரில், "வெளியே செட் மாத்திட்டீங்க, மொத்த வாரண்டியும் கேன்சல்" என்று சொல்லி 52,000 ரூபாய்க்கு எஸ்டிமேட் நீட்டினார்கள். அப்படி ரத்து செய்ய முடியாது, சட்டம் இருக்கிறது என்கிறார் அமெரிக்காவில் இருக்கும் மைத்துனர். நான் வழக்குப் போடலாமா?

பதில்: போடலாம். ஆனால் பேட்டரியையும் ஸ்டீயரிங்கையும் ஒரே மூட்டையாகக் கட்டிக்கொண்டு போகாதீர்கள். ஒன்றில் உங்கள் பக்கம் பலம், இன்னொன்றில் அவர்கள் பக்கம்.

முதலில் மைத்துனர் சொன்ன சட்டம். அவர் சொல்வது 1975-இல் அமெரிக்காவில் வந்த மேக்னசன்-மாஸ் வாரண்டிச் சட்டமாக இருக்கும். அங்கே அது சரி. யூடியூபில் கார் ஸ்டீரியோ வீடியோக்களுக்குக் கீழே அதைத்தான் எல்லோரும் எழுதுகிறார்கள். ஈரோட்டில் அதைக் காட்டி ஒரு ரூபாய்கூட வாங்க முடியாது. நமக்கு இருப்பது 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும், வண்டியோடு வந்த வாரண்டிப் புத்தகமும்.

அந்தப் புத்தகத்தைத் தேடி எடுங்கள். டேஷ்போர்டுப் பெட்டியில் பிளாஸ்டிக் உறைக்குள் பிரிக்காமலே கிடக்கும். விதிவிலக்குப் பகுதியில் பெரும்பாலும் ஒரு வரி இருக்கும், தமிழில் சொன்னால், "அனுமதிக்கப்படாத மாற்றங்களால் ஏற்படும் பழுதுகளுக்கு வாரண்டி கிடையாது." மாற்றங்கள் + ஆல். உங்கள் வழக்கு அந்த 'ஆல்' என்ற உருபில்தான் நிற்கிறது. மாற்றம் செய்தவருக்கு வாரண்டியே கிடையாது என்பது வேறு, மாற்றத்தால் வந்த பழுதுக்குக் கிடையாது என்பது வேறு. உங்கள் புத்தகத்தில் எது இருக்கிறது என்று பாருங்கள். இரண்டாவது வகை என்றால், ஸ்டீரியோவால்தான் ஸ்டீயரிங் கெட்டது என்று காட்ட வேண்டியது அப்படிச் சொல்பவர்கள் பொறுப்பு. முதல் வகை என்றாலும் விட்டுவிட வேண்டியதில்லை. நிறுவனங்கள் சந்தையில் நியாயமாக நடக்கின்றனவா என்று கண்காணிக்கும் இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் நிறுவனங்கள் மீது பிறப்பித்த உத்தரவில், வெளியே வேலை பார்த்தார் என்பதற்காக வாரண்டியை ஒட்டுமொத்தமாக ரத்து செய்யும் நிபந்தனை கூடாது, வெளி வேலையின் கோளாறால் வந்த சேதம் எவ்வளவோ அந்த அளவுக்கே மறுக்கலாம் என்று சொன்னது. அந்த உத்தரவு மேல்முறையீடு, வழக்கு என்று பல படிகளில் இழுபட்டது. அதோடு, அது பழுதுபார்ப்புப் பட்டறைகளைப் பற்றியது, ஸ்டீரியோ மாட்டும் கடைகளைப் பற்றியதல்ல. அதனால் அதைப் பிரம்மாஸ்திரமாக நினைக்காமல், வாதத்துக்குத் துணையாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது பேட்டரி. வெளி ஸ்டீரியோக்களில் பொதுவாக மஞ்சள் ஒயர் என்றால் பேட்டரியிலிருந்து எப்போதும் கரண்ட் வருவது. சிவப்பு, சாவியைத் திருப்பினால் மட்டும் வருவது. சாவி லைன் எது என்று தேட நேரமில்லாமல் இரண்டையும் முறுக்கி ஒன்றாகச் சுற்றி டேப் ஒட்டிவிடும் மெக்கானிக்குகள் உண்டு. செட் அழகாகப் பாடும். ஆனால் வண்டியைப் பூட்டிய பிறகும் அது தூங்காது. இரவு முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகப் பேட்டரியைக் குடிக்கும். நீங்கள் சொல்லும் 'இரண்டு நாள் நிறுத்தினால்' என்ற அறிகுறி எனக்கு அப்படித்தான் படுகிறது. அது உண்மையானால் கார் கம்பெனியிடம் கேட்க ஒன்றுமில்லை. கடைக்காரர்தான் பதில் சொல்ல வேண்டும். பார்ப்பதற்கு ஒரு மல்டிமீட்டர் போதும். வண்டி பூட்டி அடங்கிய பிறகும் 50 மில்லி ஆம்பியருக்கு மேல் இழுத்தால் ஏதோ விழித்திருக்கிறது. ஸ்டீரியோ ஃப்யூஸைப் பிடுங்கியதும் அது குறைந்தால் ஆள் யார் என்று தெரிந்துவிடும்.

ஸ்டீயரிங் கதை வேறு. மின்சார பவர் ஸ்டீயரிங்குக்குப் பொதுவாகத் தனி ஒயர், தனி ஃப்யூஸ், தனிக் கட்டுப்பாட்டுப் பெட்டி. ஸ்டீரியோ ஒயருக்கும் அதற்கும் நேரடி உறவில்லை. "பேட்டரி இறங்கியதால்தான் ஸ்டீயரிங் போச்சு" என்று எதிர்த்தரப்பு சொல்லும். வோல்டேஜ் குறைந்தால் ஸ்டீயரிங் உதவி தற்காலிகமாக நிற்பது உண்மைதான். நல்ல பேட்டரி வைத்ததும் திரும்ப வரும். வராவிட்டால் காரணத்தை வேறெங்காவது தேட வேண்டும். சர்வீஸ் சென்டர் ஸ்கேனர் போட்டிருப்பார்கள். அந்தப் பிழைக் குறியீட்டின் பிரிண்ட்டைக் கேட்டு வாங்குங்கள்.

அடுத்து, வாரண்டி மறுப்பை எழுத்தில் வாங்குங்கள். வாய்ச்சொல்லை நாளைக்கு யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். வண்டியை விடும்போது அவர்கள் எழுதும் ஜாப் கார்டிலேயே 'இன்ன பாகம், இன்ன காரணத்தால் மறுப்பு' என்று எழுதச் சொல்லுங்கள். மறுத்தால் நீங்களே அன்று நடந்ததை எழுதி அவர்களுக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள்.

ஒரு காரியம் மட்டும் செய்யாதீர்கள். என்னிடம் வந்த ஒருவர், சர்வீஸுக்கு விடும் முந்தின நாள் இரவு வெளி செட்டைக் கழற்றி, பழைய ரேடியோவை மாட்டிவிட்டுப் போனார். டேஷ்போர்டைத் திறந்த மெக்கானிக் முதலில் பார்த்தது வெட்டி ஒட்டிய ஒயரும் கறுப்பு டேப்பும்தான். அவர் வண்டியில் உண்மையிலேயே கம்பெனிக் கோளாறு இருந்தது. ஆனால் அதற்குப் பிறகு அவர் சொன்ன எதையும் யாரும் நம்பத் தயாராக இல்லை. செட்டை அப்படியே விடுங்கள். திறப்பதானால் இரு தரப்பும் இருக்கும்போது, படம் எடுத்துக்கொண்டே திறக்கட்டும்.

சரி, கடைக்காரர். பில் தராததே 2019 சட்டத்தின் 2(47) பிரிவில் முறையற்ற வணிக நடைமுறை. ஜிபே பதிவு நீங்கள் பணம் கொடுத்ததைக் காட்டும். ஷோரூம் விற்பனையாளரின் வாட்ஸ்அப் செய்தி அதைவிட மதிப்பானது: அவர்களே அனுப்பிய கடையில் மாட்டியதை அவர்களே காரணம் காட்டி வாரண்டியை மறுப்பது எப்படி என்று கேட்க அது இடம் தரும். ஸ்கிரீன்ஷாட்டோடு நிறுத்தாமல், அந்தப் போனையே பத்திரமாக வைத்திருங்கள்.

டீலர், கார் கம்பெனி, கடைக்காரர் மூவருக்கும் 15 நாள் அவகாசம் கொடுத்து நோட்டீஸ் அனுப்புங்கள். பழைய ரிஜிஸ்டர்டு தபால் 2025 செப்டம்பரில் ஸ்பீடு போஸ்ட்டோடு சேர்ந்துவிட்டது. அதில் அனுப்பிச் சேர்ப்புச் சான்றை வைத்துக்கொள்ளுங்கள். இடையில் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணிலும் புகார் பதியுங்கள். சில கம்பெனிகள் அதிலேயே இறங்கி வந்துவிடும். வராவிட்டால் ஈரோடு மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை 50 லட்சம் வரை என்றால் அங்கேதான், கம்பெனியின் தலைமையகம் எங்கே இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம். மனுக் கட்டணம், நீங்கள் கேட்கும் நஷ்ட ஈட்டை வைத்து அல்ல, கொடுத்த விலையை வைத்து. 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை 200 ரூபாய். வக்கீல் கட்டாயமில்லை (இதை வக்கீலே எழுதுகிறேன்). மனுவோடு, வண்டியை நிபுணர் ஒருவர் பார்த்து அறிக்கை தரவேண்டும் என்றும் கேளுங்கள். அரசுப் பொறியியல் கல்லூரி ஆட்டோமொபைல் துறை ஆசிரியர் மாதிரி ஒருவர் எழுதும் இரண்டு பக்கம், நம் இருபது பக்க வாதத்தைவிட எடுபடும். பரிசோதனை தேவைப்படும் வழக்கை ஐந்து மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் ஒரு வருடத்துக்கு மேலேயே எண்ணிக்கொள்ளுங்கள். வாரண்டி மறுத்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் மனு போயாக வேண்டும்.

நீங்கள் கேட்காத இரண்டு விஷயம். ஸ்டீரியோ ஆர்.சி. புத்தகத்தில் வரும் விவரம் இல்லை; அதனால் ஆர்.சி. விவரம் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்னும் மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு என்று யாராவது பயமுறுத்தினால் கலங்காதீர்கள். ஆனால் 2019 ஜூலை முதல் புது கார்களில் ரிவர்ஸ் எச்சரிக்கையும் வேக எச்சரிக்கையும் கட்டாயம். செட் மாற்றியதில் அந்த பீப் சத்தம் போயிருந்தால் அதைச் சரி செய்யுங்கள். இன்னொன்று இன்சூரன்ஸ். வெளியே மாட்டிய செட்டைப் பாலிசியில் தனியாகச் சேர்க்காவிட்டால், திருடு போனால் அதற்குப் பணம் வராது. வழக்கமாக அதன் மதிப்பில் 4 சதவீதம் கூடுதல் பிரீமியம். 24,000-க்கு 960 ரூபாய்.

கடைசியாக, கழற்றிய பழைய ரேடியோ எங்கே? கடைக்காரரிடம் விட்டிருந்தால் இந்த வாரமே போய் வாங்கி வாருங்கள். நிபுணர் வரும்போது அதன் கப்ளரையும் (ஒயர்களைச் சொருகும் இணைப்பு), வண்டிக்குள் இப்போது இருக்கும் ஒயரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், கடைக்காரர் கப்ளரில் சொருகினாரா, ஒயரை வெட்டினாரா என்பது அங்கேயே தெரிந்துவிடும்.