கேள்வி பதில்: தள்ளுபடி எந்தத் தொகைக்கு?

ஆடித் தள்ளுபடியில் 2,000 ரூபாய் சேலைக்கு '50% + 20%' என்று போட்டிருந்தார்கள். 70% போக 600 ரூபாய்தான் வரும் என்று நினைத்தேன். பில்லில் 800 ரூபாய். ஏமாற்றிவிட்டார்களா?
வாசகி, ஈரோடு

இல்லை, பில் சரிதான். இரண்டாவது தள்ளுபடி, முதல் தள்ளுபடி போக மிஞ்சிய தொகைக்குத்தான். 2,000இல் பாதி போனால் 1,000. அந்த ஆயிரத்தில் 20%, அதாவது 200 போனால் 800. மொத்தத்தில் கிடைத்தது 60%.

கடையில் நின்றபடியே போட ஒரு வழி: இரண்டு சதவீதங்களையும் கூட்டுங்கள் (70). இரண்டையும் பெருக்கி நூறால் வகுத்து (10), கூட்டியதிலிருந்து கழியுங்கள். 60 வந்துவிடும். 20%ஐ முதலில் கழித்தாலும் விடை இதேதான்.

ஆனால் ஒரு தள்ளுபடி சதவீதமாகவும் மற்றது ரூபாயாகவும் இருந்தால் வரிசை முக்கியம். அதே சேலைக்கு 20% தள்ளுபடியும் 300 ரூபாய் கூப்பனும் இருப்பதாக வையுங்கள். சதவீதத்தை முதலில் கழித்தால் 1,300. கூப்பனை முதலில் கழித்தால் 1,360. சதவீதம் முதலில் போவதுதான் நமக்கு லாபம்.

மனக்கணக்குக்கு, எவ்வளவு குறையும் என்று பார்க்காமல் எவ்வளவு கட்ட வேண்டும் என்று பாருங்கள். 1,480 ரூபாய்க்கு 35% தள்ளுபடி என்றால் கட்ட வேண்டியது 65%. பத்து சதவீதம் 148. அதை ஆறால் பெருக்கினால் 888. ஐந்து சதவீதம் 74. ஆக 962.

'2 வாங்கினால் 1 இலவசம்' என்பது 50% தள்ளுபடிதானே?
வாசகர், திண்டுக்கல்

இல்லை. மூன்றும் ஒரே விலையாக இருந்தாலே மூன்றில் ஒரு பங்கு, 33% சொச்சம்தான். விலை வேறுபட்டால் பெரும்பாலும் குறைந்த விலை உருப்படியைத்தான் இலவசமாகக் கணக்கிடுவார்கள். 1,200, 1,000, 600 ரூபாய்ச் சட்டைகளை எடுத்தால் 2,800க்கு 2,200 கட்டுவீர்கள். தள்ளுபடி 21%தான். ஒரே விலையில் மூன்று தேவைப்பட்டால் மட்டும் எடுங்கள்.

தள்ளுபடி போன பிறகு ஜிஎஸ்டி தனியாகச் சேர்க்கிறார்களே, சரியா?
வாசகர், தஞ்சாவூர்

அட்டையில் எம்.ஆர்.பி. என்று அச்சிட்டிருந்தால் அதில் எல்லா வரியும் அடக்கம். 2,100 ரூபாய்ச் சுடிதாருக்கு 40% போனால் 1,260. அதற்குள்ளேயே 5% வரி 60 ரூபாய் இருக்கிறது. (வரியைப் பிரித்துப் பார்க்க 5ஆல் பெருக்கி 105ஆல் வகுக்க வேண்டும். 1,260க்கு நேராக 5% போட்டால் 63 வரும், அது தவறு.) அந்த 63 ரூபாயை மேலே சேர்த்து 1,323 கேட்டால், உங்களுக்குக் கிடைப்பது 37% தள்ளுபடிதான். அங்கேயே கேளுங்கள், சரிசெய்யாவிட்டால் பில்லையும் விலை அட்டையையும் பத்திரப்படுத்தி, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் செய்யலாம்.

'சேதாரத்தில் 25% தள்ளுபடி' என்ற நகைக்கடை விளம்பரத்தைப் பார்த்தேன். ஒரு பவுனுக்கு எவ்வளவு மிச்சமாகும்?
வாசகி, மதுரை

கணக்குக்கு எளிதாகக் கிராம் 10,000 ரூபாய், சேதாரம் 12% என்று கொள்வோம். பவுன் 8 கிராம், தங்க விலை 80,000. சேதாரம் 9,600. அதில் 25% என்பது 2,400 ரூபாய். 3% ஜிஎஸ்டியும் அதற்கேற்பக் குறைவதால் 92,288க்குப் பதில் 89,816 கட்டுவீர்கள். மிச்சம் 2,472 ரூபாய், மொத்த பில்லில் 2.7% அளவுதான்.

சேதாரம் 12%இலிருந்து 9% ஆகிறது, அவ்வளவே. பக்கத்துக் கடையில் தள்ளுபடியே இல்லாமல் அதே நகைக்கு 8% போட்டால் அதுதான் மலிவு. 'செய்கூலி இல்லை' என்றாலும் அது சேதாரத்தில் ஏறியிருக்கலாம். இரண்டையும் சேர்த்தே ஒப்பிடுங்கள். கல் வைத்த நகையானால், சேதாரச் சதவீதத்தைக் கல் எடை கழித்த தங்கத்துக்கு மட்டும் போடுகிறார்களா, மொத்த எடைக்கும் போடுகிறார்களா என்று பில் போடும் முன் எழுதி வாங்கிப் பாருங்கள்.