20ஆம் நாள் ‘நான்-ரியாக்டிவ்’: நம்பலாமா?

கேள்வி: உறவின்போது ஆணுறை கிழிந்துவிட்டது. 20ஆம் நாள் தனியார் லேபில் நான்காம் தலைமுறை எச்.ஐ.வி. பரிசோதனை எடுத்தேன். ‘நான்-ரியாக்டிவ், 0.31’ என்று ரிப்போர்ட் வந்தது. பூஜ்ஜியம் இல்லையே, பயப்பட வேண்டுமா?

பதில்: 0.31 என்ற எண்ணுக்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். தொற்றே இல்லாதவர் ரத்தத்திலும் கருவி ஏதாவது ஓர் எண்ணைக் காட்டும். பெரும்பாலான கருவிகளில் 1.0க்குக் கீழே இருந்தால் நான்-ரியாக்டிவ், அதாவது தொற்றின் அறிகுறி ரத்தத்தில் தென்படவில்லை, அவ்வளவுதான். 0.1க்கும் 0.6க்கும் வித்தியாசம் கிடையாது.

கவனிக்க வேண்டியது நாள் கணக்கை. தொற்று ஏற்பட்ட முதல் 10 நாட்களில் எந்தப் பரிசோதனையிலும் தெரியாது. பிறகு வைரஸின் பி24 புரதம் ரத்தத்தில் தலைகாட்டும். அதைத் தொடர்ந்து உடல் வைரஸை எதிர்க்க எதிர்ப்பொருளை (ஆன்டிபாடி) உருவாக்கும். நீங்கள் எடுத்த பரிசோதனை இரண்டையும் தேடுகிறது. நரம்பில் ரத்தம் எடுத்து லேபில் செய்தால் 18 முதல் 45 நாட்களுக்குள் தொற்று பிடிபடும். உங்கள் 20ஆம் நாள் அதன் தொடக்கத்தில்தான் இருக்கிறது. நல்ல செய்திதான், ஆனால் முடிவான செய்தி அல்ல. 45 நாள் முடிந்ததும் அதே பரிசோதனையை இன்னொரு முறை எடுங்கள். விரலில் குத்தி எடுக்கும் ரேபிட் கிட் என்றால் 90 நாள் பொறுக்க வேண்டும். பல கிட்கள் எதிர்ப்பொருளை மட்டுமே பார்க்கின்றன. ரேபிட் கிட்டில், அது சரியாக வேலை செய்ததைக் காட்டும் கன்ட்ரோல் கோடு விழாவிட்டால் அந்தக் கிட் செல்லாது, வேறு கிட்டில் பாருங்கள்.

72 மணி நேரத்துக்குள் தடுப்பு மருந்து தொடங்கி 28 நாள் சாப்பிட்டிருந்தால் 45 நாள் கணக்கு பொருந்தாது. மருந்து எதிர்ப்பொருள் உருவாவதைத் தள்ளிப்போடலாம். சம்பவம் நடந்து 12 வாரம் ஆன பிறகும் பார்த்தாக வேண்டும். அதுவரை ஆணுறை கட்டாயம், ரத்த தானம் வேண்டாம்.

ஒருவேளை ‘ரியாக்டிவ்’, அதாவது தொற்று இருக்கலாம் என்று வந்தால் இடிந்துபோகாதீர்கள். 1,000 பேரைச் சோதிப்பதாக வைத்துக்கொள்வோம். இந்தியாவில் பெரியவர்களிடையே தொற்று சுமார் 0.2 சதவீதம் என்பதால் உண்மையில் 2 பேருக்கு இருக்கும். தொற்று இல்லாமலே ஆயிரத்தில் 5 பேருக்கு இருப்பதாகத் தவறாகக் காட்டும் கிட் என்றால் மொத்தம் 7 பேருக்கு ரியாக்டிவ் வரும், அதில் 5 பேருக்குத் தொற்றே இருக்காது. அதனால்தான் அரசு மருத்துவமனையில் எச்.ஐ.வி. ஆலோசனையும் பரிசோதனையும் தரும் நம்பிக்கை மையத்தில் மூன்று வெவ்வேறு கிட்களில் பார்த்த பிறகே முடிவு சொல்கிறார்கள். கட்டணம் இல்லை, உங்கள் சம்மதமும் ரகசியமும் 2017ஆம் ஆண்டு எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டப்படி காக்கப்படும். மூன்றும் ஒத்துப்போகாவிட்டால் இரண்டு முதல் நான்கு வாரத்தில் மறுபடி ரத்தம் கொடுக்கச் சொல்வார்கள், தவறாமல் போங்கள்.