கிளாமர் இல்லாத பெண்ணுக்கு நாடகப் பயிற்சி கைகொடுக்குமா?

கேள்வி கேட்ட தங்கை மதுரைக்காரர். நிறம் கறுப்பு, உயரம் குறைவு, ஆனாலும் நடிகையாக ஆசை என்கிறார்.

கைகொடுக்கும். உங்கள் ஊரிலேயே சான்று இருக்கிறது. 1918-ல் நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் மதுரையில்தான் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபா என்ற சிறுவர் நாடகக் குழுவைத் தொடங்கினார். அவர் வழியில் வந்த ஸ்பெஷல் நாடகம் பங்குனி, சித்திரைத் திருவிழாக்களில் இன்றும் நடக்கிறது. அதில் ஒத்திகை கிடையாது. ராஜபார்ட் (கதாநாயகன்) ஓர் ஊர், ஸ்திரீபார்ட் (கதாநாயகி) வேறு ஊர். பல சமயம் மேடையில்தான் சந்திப்பார்கள். 'வள்ளி திருமணம்' நாடகத்தில் வள்ளியாக வரும் பெண் நாரதரோடு விடிய விடியத் தர்க்கம் செய்ய வேண்டும். பவுடரும் ஜிகினாவும் அரை மணி நேரம்தான் தாங்கும், அப்புறம் குரலும் சமயோசிதமும்தான். (மைக்கைக் குறை சொல்லித் தப்பிக்கவும் முடியாது!)

கே. பி. சுந்தராம்பாள் மேடையிலிருந்து வந்தவர். 1935-ல் 'பக்த நந்தனார்' படத்தில் நந்தனாராக ஆண் வேடத்திலேயே நடித்தார். நடிகை கலைராணி சென்னையின் கூத்துப்பட்டறை நாடகக் குழுவில் பயின்றவர்.

அதற்காக கிளாமர் தப்பு என்று சொல்லமாட்டேன். அதுவும் ஒரு வேடம்தான். போடவும் கலைக்கவும் தெரிந்தால் போதும். அதையே தன் முகம் என்று நம்பும்போதுதான் கண்ணாடி எதிரியாகிறது. சினிமாவில் நிறத்தைப் பார்த்து ஒதுக்குவது இன்றும் உண்டு, பயிற்சி அதை மாற்றிவிடாது. ஆனால் ஆடிஷனில் கையை எங்கே வைப்பது என்று தவிக்கமாட்டீர்கள்.

முதலில் பக்கத்துக் கிராமத்தில் ஒரு வள்ளி திருமணத்தை விடியும்வரை உட்கார்ந்து பாருங்கள். குரல் பயிற்சியை அதற்கு மறுநாளே தொடங்கலாம்.