கோண்டாவில் ஒழுங்கைக்குள் கூபே கார் சரிவருமா?

கேள்வி: கோண்டாவிலில் வீடு, கிளிநொச்சியில் வேலை. வாரத்தில் ஐந்து நாளும் போய்வர வேண்டும். வீட்டில் மனைவியும் அம்மாவும். அம்மாவுக்கு முழங்கால் வருத்தம். மாதம் ஒருமுறை யாழ். போதனா வைத்தியசாலைக் கிளினிக்குக் கூட்டிப்போக வேண்டும். இப்போது மோட்டார் சைக்கிள் மட்டும்தான் இருக்கிறது. 2011இல் பதிவான ஹொண்டா சி.ஆர்-இசட் ஒன்று, பெற்றோல் எஞ்சினோடு மின்மோட்டாரும் பற்றரியும் உள்ள ஹைப்ரிட், ஒட்டோ கியர், கட்டுப்படியான விலைக்கு வந்திருக்கிறது. இரண்டு கதவும் தாழ்ந்த கூரையும் உள்ள இந்தக் கூபே வகைக் கார் மேல் எனக்கு நெடுநாள் ஆசை. "பற்றரி போனால் அந்தக் காரை விற்கவும் ஏலாது" என்று நண்பர்கள் பயமுறுத்துகிறார்கள். தினசரிப் பாவனைக்கு இதை நம்பி வாங்கலாமா?

பதில்: தம்பி, உங்கள் நண்பர்கள் பற்றரியை மட்டும் பார்க்கிறார்கள். அதைச் சோதிக்க வழி இருக்கிறது, பழுதானால் மாற்றவும் வழி இருக்கிறது. மாற்ற முடியாதவை மூன்று: இருக்கையின் உயரம், பின் இருக்கை, காரின் அடிப்பாகத்துக்கும் நிலத்துக்கும் உள்ள இடைவெளி. கூபே ஒன்று உங்கள் வீட்டுக்குச் சரிவருமா என்பதை இந்த மூன்றும்தான் தீர்மானிக்கும். ஆகவே எஞ்சின் மூடியைத் திறக்க முன்னம் அம்மாவைக் காருக்குள் இருத்திப் பாருங்கள்.

விற்பவரிடம் சொல்லி காரை உங்கள் வீட்டுக்கே கொண்டுவரச் செய்யுங்கள். முன் இடப்பக்க இருக்கையை முழுதாகப் பின்னுக்குத் தள்ளிவிட்டு அம்மாவை இருக்கச் சொல்லுங்கள். இருப்பது எவருக்கும் சுலபம், எழும்புவதுதான் கடினம். இருக்கை தாழ்ந்து இடுப்பு முழங்காலுக்குக் கீழே போய்விட்டால், எழும்பும்போது உடம்பின் பாரம் முழுவதும் முழங்காலில் விழும். நிலத்திலிருந்து இருக்கையின் விளிம்பு வரை நாடாவால் அளவுங்கள். அம்மா வீட்டில் வழமையாக இருக்கும் கதிரையையும் அளவுங்கள். வித்தியாசம் ஒரு சாணுக்குக் கிட்ட வந்தால் ஒவ்வொரு கிளினிக் நாளும் அவருக்கு வேதனைதான். இருக்கைக்கு மேல் தடித்த மெத்தை போட்டுச் சமாளிக்கலாம் என்று நினைக்க வேண்டாம். இந்தக் காரின் கூரையும் தாழ்வு என்பதால் தலை முட்டும், இருக்கைப் பட்டியும் சரியாகப் படியாது. வருத்தக்காரரைப் பின்னால் ஏற்றும் எண்ணத்தை அடியோடு விட்டுவிடுங்கள். இரண்டு கதவுதான், முன் இருக்கையை மடித்து அந்த இடுக்கால்தான் உள்ளே போக வேண்டும்.

பின் இருக்கை பற்றி இன்னும் சொல்ல வேண்டும். ஜப்பானில் விற்ற சி.ஆர்-இசட்டில் பின்னால் இரண்டு பேருக்கு இருக்கை உண்டு, பதிவிலும் நாலு பேர் என்றிருக்கும். ஆனால் சராசரி உயரமுள்ள ஒருவர் அங்கே நிமிர்ந்திருந்தால் தலை பின் கண்ணாடியில் தட்டும். மேலே கூரைத் தகடு இல்லை, சரிந்த கண்ணாடிதான். சித்திரை, வைகாசி வெயிலில் மத்தியானம் அதன் கீழ் இருப்பவர் நல்லூரிலிருந்து சாவகச்சேரி போவதற்குள் களைத்துவிடுவார். ஏசிக் காற்றும் பின்னுக்கு நேரே வராது. மூன்று பேரும் ஒன்றாகப் புறப்படும் நாட்களில் உங்கள் மனைவிக்குத்தான் அந்த இடம். அவரையும் அரை மணித்தியாலம் பின்னால் இருத்தி ஓடிக்காட்டிவிட்டு, அவர் சொல்வதைக் கேட்டு முடிவெடுங்கள். அந்த இருக்கையை மடித்தால் பின்பக்கம் நீளமான தட்டை இடம் கிடைக்கும். சாமான் ஏற்ற அது உண்மையிலேயே உதவும்.

அடுத்தது இடைவெளி. பாரம் ஏற்றாத நிலையிலேயே இந்தக் காரின் அடி நிலத்திலிருந்து ஏறத்தாழ ஐந்தரை அங்குலம்தான். மூன்று பேர் ஏறினால் இன்னும் இறங்கும். முந்திய சொந்தக்காரர் அழகுக்காகச் சுருள்வில்லை வெட்டியிருந்தால் அல்லது குட்டையான வில் பூட்டியிருந்தால், அந்தக் காரை நீங்கள் தொடவே வேண்டாம். மூன்று பேரோடும் உங்கள் ஒழுங்கைக்குள் ஓட்டிப் பாருங்கள். படலையடிச் சரிவில் முன் பம்பர் உரசுகிறதா, மதகுத் திட்டியில் நடு அடி தட்டுகிறதா என்று வெளியே ஒருவர் குனிந்து பார்க்கட்டும். வேகத்தடையில் சரிவாக, ஒவ்வொரு சில்லாக ஏற்றி இறக்கினால் பெரும்பாலானவற்றைக் கடக்கலாம். முன் பம்பருக்குக் கீழே இருக்கும் பிளாஸ்ரிக் மூடியின் கிளிப்புகள் அறுந்திருக்கிறதா என்று படுத்துப் பாருங்கள். அறுந்த மூடி மாரிகாலத்தில் தண்ணீரை வாரி, ஓட்டத்தில் கிழிந்து தொங்கும். கார்த்திகை, மார்கழியில் ஒழுங்கையில் வெள்ளம் நின்றால் கதவின் அடிவிளிம்பைத் தொடும் தண்ணீருக்குள் இறக்கவே கூடாது. ஹைப்ரிட் பற்றரி பின்தளத்துக்குக் கீழேதான் இருக்கிறது.

இந்த மூன்றிலும் கார் தேறினால் மட்டும் பற்றரிக்கு வாருங்கள்.

சி.ஆர்-இசட் 2010 பெப்ரவரியில் ஜப்பானில் வெளிவந்தது. 2016 வரை உற்பத்தியில் இருந்தது. 1.5 லீற்றர் பெற்றோல் எஞ்சினுக்கும் கியர் பெட்டிக்கும் நடுவில் மெல்லிய மின்மோட்டார் ஒன்று இருக்கிறது. இழுப்பது எஞ்சின், கைகொடுப்பது மோட்டார். 2011 கார் என்றால் முதல் வகை: நிக்கல் பற்றரி, 100 வோல்ற் அளவு. 2012 செப்ரெம்பரில் வந்த மாற்றத்தோடுதான் லிதியம் பற்றரியும் பெரிய மோட்டாரும் வந்தன. ஆகவே இதில் இருப்பது நிக்கல். தொழிற்சாலையில் பூட்டியதே இன்னும் இருந்தால் அது தன் ஆயுளின் கடைசிப் பகுதியில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டே பேரம் பேசுங்கள்.

சோதிக்கும் முறை இது. காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே போங்கள். விற்பவர் முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லுங்கள். ஏசியைப் போட்டு அரை மணித்தியாலமாவது ஓடுங்கள். தெரு வெறுமையாக இருக்கும் இடத்தில் 30இலிருந்து 70 வரை நன்றாக அழுத்தி, பிறகு மெல்ல பிரேக் பிடித்து, இதையே ஐந்தாறு தடவை செய்யுங்கள். டாஷ்போர்டில் பற்றரி அளவு காட்டும் கோடுகளைப் பக்கத்தில் இருப்பவர் கவனிக்கட்டும். நல்ல பற்றரியில் கோடுகள் ஒவ்வொன்றாக இறங்கும், ஒவ்வொன்றாக ஏறும். பாதிக்கு மேல் நின்றது திடீரென ஒன்றுக்கு விழுந்தாலோ, விழுந்தது சில நிமிடத்தில் மேலே தாவினாலோ, உள்ளே சில கலங்கள் சோர்ந்துவிட்டன. சந்தியில் நிற்கும்போது எஞ்சின் ஒருமுறைகூடத் தானாக நிற்கவில்லை என்றாலும் சந்தேகப்படுங்கள். ஏசி கூடுதலாக இருந்தாலும் எஞ்சின் நிற்காமல் ஓடும் என்பதால், ஏசியைக் குறைத்து இன்னொரு முறை பாருங்கள்.

எச்சரிக்கை விளக்கு எரியவில்லை என்பது மட்டும் நல்ல சான்று அல்ல. ஹைப்ரிட் பற்றரியை விட, எல்லாக் காரிலும் உள்ள சிறிய 12 வோல்ற் பற்றரியும் இதில் உண்டு; அதன் வயரைச் சிறிது நேரம் கழற்றினால் விளக்கு அணைந்துவிடும். சில நாள் கழித்துத்தான் திரும்ப எரியும். அப்படிச் செய்திருந்தால் மணிக்கூடும் ரேடியோ நிலையங்களும் அழிந்து ஆரம்ப நிலைக்கு வந்திருக்கும். காரின் கணினியை வாசிக்கும் ஸ்கானர் பூட்டி, காரின் தன்பரிசோதனைகள் முடிந்துவிட்டனவா என்று பார்த்தால் அதுவும் காட்டிக்கொடுக்கும். சாதாரண ஸ்கானர் எஞ்சின் பகுதியை மட்டும் வாசிக்கும். ஹொண்டா ஹைப்ரிட் பகுதியை வாசிக்கக்கூடியது உள்ள கராஜுக்கே கொண்டுபோங்கள். பி0ஏ7எஃப் என்ற குறியீடு வந்தால் பற்றரி தேய்ந்துவிட்டது என்று அர்த்தம்.

பற்றரி தளர்ந்திருந்தாலும் கார் உடனே நின்றுவிடாது, எஞ்சினில் ஓடும். ஆனால் உதவி குறையும், பெற்றோல் கூடும். இந்தக் காரில் மற்றக் கார்களில் 12 வோல்ற் பற்றரியைச் சார்ஜ் செய்யும் தனி அல்ரனேற்றர் இல்லை என்பதையும் மறக்கக்கூடாது. 12 வோல்ற் பற்றரிக்குச் சார்ஜ் வருவதே ஹைப்ரிட் பக்கத்தால்தான். ஆகவே எச்சரிக்கை விளக்கோடு மாதக்கணக்கில் ஓடுவது சரியல்ல. வாங்கும் முன்னமே புதுக்கிய பற்றரிக்கு, பூட்டுகூலியும் உத்தரவாதக் காலமும் எழுதப்பட்ட விலைக்கூற்று ஒன்று எடுங்கள். அந்தத் தொகையைக் கேட்ட விலையிலிருந்து கழித்துவிட்டு, மீதிக்கு இந்தக் கார் பெறுமதியா என்று யோசியுங்கள். பழுதான இரண்டொரு கலத்தை மட்டும் மாற்றித் தருகிறோம் என்பவர்களை நம்பிக் காசு கொடுக்க வேண்டாம். மற்றவையும் அதே வயதுதான், அடுத்தடுத்துப் படுக்கும். 100 வோல்ற் நேரோட்ட மின்சாரம் உயிரெடுக்கக்கூடியது. பிரதான ஆளியை நிறுத்திச் சில நிமிடம் பொறுக்கத் தெரியாத எவரையும் அந்த மூடியைத் திறக்க விடாதீர்கள்.

பற்றரியை அழிப்பது வெப்பம். கண்ணாடிப் பின்கதவுள்ள கார் வெயிலில் நின்றால் உள்ளே அடுப்புப்போல் கொதிக்கும். கிளிநொச்சியில் அலுவலகத்தில் நிழல் இல்லையென்றால் பின் கண்ணாடியை மூடும் திரை ஒன்று போடுங்கள். பற்றரியைக் குளிர்விக்கும் விசிறி காற்றிழுக்கும் துவாரம் உள்ளேதான் இருக்கிறது. அதன் மேல் பையோ துணியோ போட வேண்டாம். செம்மண் தூசி அடைத்திருக்கிறதா என்று வருடம் ஒருமுறை கழற்றிப் பாருங்கள்.

இனிக் கியர் பெட்டி. உங்கள் பாவனைக்கு எங்களுக்குப் பற்றரியைவிடக் கூடப் பயம் இதில்தான். கோண்டாவிலிலிருந்து கிளிநொச்சிக்கு ஒரு வழி ஏறத்தாழ 65 கிலோமீற்றர்; மாதம் 2,800க்கு மேல், வருடம் 33,000க்கு மேல் ஓடுவீர்கள். சாதாரண வீட்டுக் கார் ஒன்று இரண்டு மூன்று வருடம் ஓடும் தூரம் இது. ஒட்டோ என்று விற்கப்படுவது சி.வி.ரி., பட்டியால் இயங்குவது. டி-யில் போட்டு பிரேக்கை விட்டால் கார் மெதுவாக, சீராக நகர வேண்டும். நின்ற நிலையிலிருந்து 20 வரை போகும்போது உடம்பு நடுங்கினால், புறப்படவைக்கும் கிளட்ச் தேய்ந்திருக்கலாம் அல்லது எண்ணெய் பழுதாகியிருக்கலாம். எண்ணெய் மாற்றி நடுக்கம் போனால் நல்லது. போகாவிட்டால் பெட்டியைத் திறக்கும் செலவு. யாழ்ப்பாணம் சமதரை ஆதலால் பழுது மறைந்திருக்கும். வீட்டுச் சரிவிலோ பாலத்து ஏற்றத்திலோ நிறுத்தி எடுத்துப் பாருங்கள். கையேட்டில் உள்ள எண்ணெயைத் தவிர வேறு எதுவும் ஊற்றக்கூடாது. ஒருமுறை வடித்தால் முழுவதும் வெளியே வராது என்பதால், முதல் தடவை சில நாள் இடைவெளியில் இரண்டு மூன்று முறை வடித்து ஊற்றுங்கள். பிறகு 40,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை. உங்கள் ஓட்டத்துக்கு அது பதினாலு மாதத்தில் வந்துவிடும். ஆறு கியர் கைக்கியரில் இதே கார் கிடைத்தால், ஏ9 தெருவுக்கு எங்கள் தெரிவு அதுதான்.

எஞ்சின் நம்பகமானது; அதன் ரைமிங் பட்டியால் அல்ல, சங்கிலியால் ஓடும் வகை. 0டபிள்யூ-20 எண்ணெயை 5,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்றினால் போதும், அதாவது இரண்டு மாதம் ஆகமுன். 92 ஒக்ரேன் பெற்றோலே காணும். ஆனையிறவுப் பக்கம் 70இல் சீராகப் போனால் லீற்றருக்கு 17 கிலோமீற்றர் அளவு எதிர்பார்க்கலாம், ரவுனுக்குள் 13, 14. 40 லீற்றர் தாங்கியில் நாலு நாள் வேலைக்குப் போய்வரலாம். சந்தியில் எஞ்சின் தானாக நிற்கும்போது ஏசிக் கொம்பிரசரும் நின்று காற்று சூடாகும். அது பழுதல்ல, இந்த வகையின் அமைப்பு. பெற்றோலை மிச்சப்படுத்தும் ஈகோன் பொத்தானை நிறுத்திவிட்டால் இது குறையும்.

ரேடியேற்றர் மூடியைக் குளிர்ந்தபின் திறந்து பாருங்கள். உள்ளே வெள்ளைப் படிவு இருந்தால் எவரோ எங்கள் கிணற்றுத் தண்ணீரை ஊற்றியிருக்கிறார். சுண்ணக்கல் நிலத்துத் தண்ணீர் எஞ்சினுக்கு ஆகாது. கலந்து வரும் கூலன்ற் மட்டும்தான். தினமும் ஆனையிறவு உப்புக் காற்றுக்குள் போவதால் அடிப்பக்கத் துருவும் முக்கியம். சைலன்சர் இணைப்பு, பின் அச்சு, பின்கதவுப் பிணைச்சல் இவற்றை ரோர்ச் அடித்துப் பாருங்கள். பின் பிரேக் டிஸ்க்கில் துருக் கோடுகளும் பிரேக் கலிப்பரின் இறுகிய ஊசிகளும் இந்த வகையில் எதிர்பார்க்கக்கூடியவை. மோட்டாரே வேகத்தின் ஒரு பகுதியைக் குறைத்துவிடுவதால் பிரேக்குக்கு வேலை குறைவு, அதனால்தான் துரு தங்குகிறது.

உதிரிச் சில்லு இந்தக் காரில் இல்லை. அதற்குப் பதில் ஒட்டும் திரவமும் சிறு காற்றுப் பம்பும் கொடுத்திருந்தார்கள். 2011 திரவம் காலாவதியாகியிருக்கும். பளைக்கும் பரந்தனுக்கும் இடையில் இரவு பஞ்சரானால் கடை தேட முடியாது. புதுத் திரவம், பம்பு, பஞ்சர் அடைக்கும் ரப்பர்ச் செற் மூன்றும் காரிலேயே கிடக்கட்டும். பெரிய ரிம் போட்டிருந்தால் 195/55-16 ரயர் அளவுக்குத் திருப்பிவிடுங்கள். பின் கண்ணாடியைக் குறுக்கே பிரிக்கும் சட்டம் பின்னால் வரும் மோட்டார் சைக்கிளை மறைக்கும். ரிவேர்ஸ் கமரா கட்டாயம். எஞ்சின் பக்கச் சாமான்கள் பலவும் ஃபிட், இன்சைட் கார்களுடையதோடு ஒத்துப்போகும், கொழும்பில் கார் உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் தேடினால் கிடைக்கும். பம்பர், ஹெட்லைட், கண்ணாடி மட்டும் இந்தக் காருக்கே உரியவை; உடைந்தால் காத்திருக்க வேண்டும். பதிவுப் புத்தகத்தில் முழு உரிமையாளராக லீசிங் நிறுவனத்தின் பெயர் இருக்கிறதா என்று பார்த்து, அது நீங்கும்வரை முழுக்காசையும் கொடுக்க வேண்டாம்.

எங்கள் முடிவைக் கேட்டால்: உங்கள் பயணத்துக்கு இந்தக் கார் பொருந்தும், உங்கள் வீட்டுக்குப் பொருந்துமா என்பது அம்மாவின் முழங்காலில் இருக்கிறது. அவர் உதவியில்லாமல் முன் இருக்கையிலிருந்து எழும்பினால், பற்றரிக் காசைக் கழித்த விலைக்கு வாங்கலாம். எழும்ப முடியாவிட்டால், இதே ஹைப்ரிட் முறையில் ஓடும் அந்தக் காலத்து ஃபிட் ஹைப்ரிட் அல்லது இன்சைட்டைத் தேடுங்கள். ஐந்து கதவு, எழும்ப வசதியான இருக்கை. மேலே சொன்ன பற்றரி, கியர் பெட்டிச் சோதனைகளை அவற்றுக்கும் ஒன்றுவிடாமல் செய்யுங்கள்.