கொரோனா காலத்தில் தவறு செய்த சுகாதார அதிகாரிகளைத் தண்டிக்கத்தான் வேண்டுமா?

முடிவு தவறிப்போனதற்காக யாரையும் கூண்டில் ஏற்ற வேண்டாம். மரணக் கணக்கை மறைத்தவர் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

2020 தொடக்கத்தில் இந்த நோயைப் பற்றி யாருக்கும் முழுசாகத் தெரியாது. பொதுமக்கள் முகக்கவசம் போடலாமா என்பதில் உலக சுகாதார அமைப்பே ஜூனில்தான் நிலையை மாற்றியது. நல்லெண்ணத்தோடு செய்த காரியத்துக்கு 1897ஆம் வருடத் தொற்றுநோய்ச் சட்டத்தின் 4வது பிரிவும், 2005 பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 73வது பிரிவும் பாதுகாப்பு தருகின்றன. அது நியாயம். வெயிலில் கவச உடையோடு வீடு வீடாக வந்த சுகாதார ஆய்வாளர் மேல் வழக்குப் போட்டால், அடுத்த தடவை எவர் வருவார்?

சென்னையில் 2020 ஜூனில் என் சித்தப்பா இறந்தார். ஏழு நாள் ஆக்சிஜனில் இருந்தார். சி.டி. ஸ்கேனில் நுரையீரல் இரண்டும் வெள்ளை. சளிப் பரிசோதனை மட்டும் நெகட்டிவ். உடலை ஜிப் வைத்த பையில் போட்டு, முகத்தைக்கூடக் காட்டாமல், கவச உடை அணிந்த நாலு பேர் மின்மயானத்துக்குக் கொண்டுபோனார்கள். சித்தியிடம் கொடுத்த தாளில் 'நிமோனியா, சர்க்கரை நோய்' என்று இருந்தது. கீழே ஒரு கிறுக்கல் கையெழுத்து, பெயர் இல்லை. "கொரோனா இல்லன்னா மூஞ்சிய ஏன் காட்டல?" என்று சித்தி கேட்டார். மருத்துவமனையில் யாரும் வாய் திறக்கவில்லை.

அந்தத் தாளால் என்ன கெட்டது தெரியுமா? அவர் கொரோனா பட்டியலில் இல்லை. அதனால் அவருடைய மளிகைக் கடைக்கு வந்துபோனவர்களைப் பரிசோதிக்க ஒருவரும் வரவில்லை.

சென்னை மாநகராட்சிப் பதிவேட்டில் இருந்த கொரோனா மரணங்கள் மாநிலக் கணக்கில் இல்லை என்பது அதே மாதம்தான் வெளிவந்தது. குழு போட்டார்கள். ஜூலை 22 அன்று விட்டுப்போன 444 மரணங்களைச் சேர்த்தார்கள். சேர்த்ததை மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் எந்த மேஜையில், யார் சொல்லி அவை நின்றன என்பதும் அந்தக் குடும்பங்களுக்குத் தெரிய வேண்டியதுதானே? நாடு முழுவதற்கும் இதே கேள்வி உண்டு. 2020, 2021 இரண்டு வருடத்தில் கொரோனா மரணங்கள் அரசுக் கணக்கில் சுமார் 4.8 லட்சம்; கொரோனாவால் நேராகவும் மறைமுகமாகவும் கூடுதலாக இறந்தவர்கள் 47 லட்சம் என்பது உலக சுகாதார அமைப்பின் மதிப்பீடு. மத்திய அரசு அந்தக் கணிப்பு முறையை ஏற்கவில்லை. முறையைப் பற்றி வாதாடலாம். அதற்குப் பதிவேடுகளைத் திறந்து வைக்க வேண்டும். நல்லெண்ணம் என்று சட்டத்தின் நிழலில் நிற்பவர், அந்த முடிவை எடுத்த கோப்பைக் காட்டட்டும்.

கொரோனா இறப்புச் சான்றிதழ் விதிகளை எளிதாக்கவும் குடும்பங்களுக்கு நிவாரணம் தரவும் 2021 ஜூன் 30 அன்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகுதான் எங்களுக்கு வழி பிறந்தது. பரிசோதனையில் தெரியாவிட்டாலும் மருத்துவர் நோயறிந்து சொல்லியிருந்தால் போதும் என்று விதி வந்தது. மாவட்டக் குழு ஸ்கேனைப் பார்த்து, கொரோனா மரணம் என்று எழுதிக் கொடுத்தது. 50,000 ரூபாயும் வந்தது. சித்தி பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பழைய தாளையும் புதுத் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "மொதல்ல இப்படி எழுதச் சொன்னது யாருடா?" என்றார்.